குழாயில் ஏறும் அரக்கு

கடல்நீர் மீன்தொட்டியின் நைட்ரேட் சோதனை, உண்மையில் ஒரு குட்டிச் சாயப்பட்டறை வேலை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலைச் சிட்டம் சிட்டமாக முக்கியெடுத்து, பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் பாதி வேலை எளிது.

நைட்ரேட்டுக்கு நிறம் கிடையாது. பல கிட்களில் இருக்கும் துத்தநாகத் தூள் அதை நைட்ரைட்டாக மாற்ற, அது மற்ற மருந்துகளோடு கூடி, அசோ வகைச் சாயம் ஒன்று குழாய்க்குள்ளேயே உருவாகிறது. இதற்கு அடிப்படையான வினையை 1858இல் கண்டுபிடித்தவர் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர். பின்னாளில் இங்கிலாந்தில் பீர் ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர்! அசோ என்ற பெயர் சாயக்காரர்களுக்குப் புதிதல்ல. புற்றுநோய் அபாயம் கருதி 1997இல் மத்திய அரசு 70 அசோ சாயங்களுக்குத் தடை விதித்தது.

மீனுக்குப் போடும் தீனி அம்மோனியாவாகி, நைட்ரைட்டாகி, கடைசியில் நைட்ரேட்டாகத் தேங்குகிறது. பவளம் வளர்ப்பவர்கள் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் வைக்கப் பார்ப்பார்கள். மீன் மட்டும் என்றால் 40 வரை பெரும்பாலும் தாங்கும்.

சோதனையில் சொதப்புவது பெரும்பாலும் குலுக்குவதில்தான். துத்தநாகத் தூள் புட்டியின் அடியில் படிந்து கிடக்கும். குறிப்பில் சொன்ன நேரம் முழுக்கக் கை வலிக்கக் குலுக்காவிட்டால், நைட்ரேட் நிறைந்த தண்ணீரும் வெளிறிய மஞ்சளாக நின்று, பிரமாதம் என்று நினைக்க வைக்கும். புதுத் தொட்டியில் ஏமாற்று எதிர்ப்பக்கம்: ஏற்கெனவே இருக்கும் நைட்ரைட்டும் சேர்ந்து நிறம் ஏற்றிவிடும். அதை முதலில் தனியாகச் சோதிக்க வேண்டும்.

அளவு கூடும்போதுதான் கண் திணறுகிறது. கிட்டோடு வரும் நிற அட்டையில் 40க்கும் 80க்கும் நடுவே ஒரு நூலிழை வித்தியாசம். 160க்கு மேல் எல்லாம் ஒரே அரக்கு. 200ஆ, 400ஆ என்று எந்தச் சாயக்காரராலும் சொல்ல முடியாது. அப்போது ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு ஒன்பது பங்கு சுத்தத் தண்ணீர் கலந்து சோதித்து, விடையைப் பத்தால் பெருக்க வேண்டும். 20 காட்டினால் தொட்டியில் 200.

அந்தச் சுத்தத் தண்ணீர் எது? உரமும் கழிவுநீரும் இறங்கிய நிலத்தில் போர் தண்ணீரை நம்ப முடியாது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் சோதித்த மாதிரிகளில் 37 சதவீதம் குடிநீருக்கான 45 மில்லிகிராம் வரம்பைத் தாண்டியவை. 45 உள்ள தண்ணீரைக் கலந்தால், நைட்ரேட்டே இல்லாத தொட்டிகூட 400 என்று காட்டும்! டிஸ்டில்டு வாட்டர்தான் சரி.

கடலுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊரில் பெரும்பாலும் உப்புத்தூளைக் கரைத்துத்தான் தொட்டியை நிரப்ப வேண்டும். கரைக்கும் தண்ணீரிலும் இதே சிக்கல். 160 உள்ள தொட்டியில் கால்வாசியை நைட்ரேட் இல்லாத நீரால் மாற்றினால் 120க்கு இறங்கும். 45 உள்ள போர் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் 131தான். ஆர்.ஓ. நீரையும் ஒருமுறை குழாயில் விட்டுப் பார்ப்பது நல்லது. பழைய மெம்பிரேன் நைட்ரேட்டைக் கணிசமாகக் கசியவிடும்.