பொய்ச் சுமை, மெய்ச் சோதனை

கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால், எடுத்த எடுப்பிலேயே சுவாமியை அதில் ஏற்றிவிட மாட்டார்கள். முதலில் வெறும் தேரை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, சக்கரம் சிக்காமல் உருளுகிறதா என்று தெரிந்த பிறகே உற்சவமூர்த்தி எழுந்தருளுவார். இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர்.

உங்கள் வீட்டுக் கூடத்து மூலையில் உட்கார்ந்திருக்கிறதே இன்வெர்ட்டர், அதற்கு என்றைக்காவது வெள்ளோட்டம் விட்டதுண்டா?

"அதற்கென்ன, பச்சை விளக்குத்தான் எரிகிறதே!" என்பீர்கள். அந்தப் பச்சை விளக்கை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

2012-ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டில் பல மணி நேர மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அப்போது பல வீடுகளுக்கு இன்வெர்ட்டர் வந்து சேர்ந்தது. பிறகு மின்வெட்டு குறைந்தது. இன்வெர்ட்டருக்கும் வேலை குறைந்தது. அதன் தலைமேல் பழைய பத்திரிகைகளை அடுக்கிவிட்டு நாமும் மறந்துபோனோம். ஆனால் 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும், சென்னையில் பல பகுதிகள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன.

மின்விசிறி நின்றால் பனையோலை விசிறியை எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் பெரியவர் ஒருவர் ஆக்ஸிஜன் இயந்திரத்தின் துணையோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தால்? நிமிஷத்துக்கு 5 லிட்டர் தரும் சாதாரண இயந்திரம் சுமார் 300 முதல் 350 வாட் வரை மின்சாரம் கேட்கும். அதை உங்கள் பாட்டரி எத்தனை நேரம் கொடுக்கும்? இதற்கு விடை புயல் இரவில் தெரிவதைவிட, வெயில் காயும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிவது நல்லதல்லவா?

பச்சை விளக்கு ஏன் ஏமாற்றுகிறது? வயதான பாட்டரி, வயதான மனிதரைப் போல. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு குறையும் தெரியாது. ஒரு குடம் தண்ணீரைக் கொடுத்து மாடிப்படி ஏறச் சொன்னால்தான் மூச்சு இரைப்பது தெரியும். சும்மா இருக்கும் 12 வோல்ட் பாட்டரி, கிழடு தட்டிய பிறகும் 12.6 வோல்ட் காட்டி நல்ல பிள்ளையாக நிற்கும். சுமையை ஏற்றினால் சாயம் வெளுத்துவிடும்.

இப்படிச் சோதனைக்கென்றே ஏற்றும் சுமைக்கு 'டம்மி லோடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் எஞ்சினீயர்கள். நாம் பொய்ச் சுமை என்போம். அது மின்சாரத்தை வாங்கும். உபயோகமாக ஒரு வேலையும் செய்யாது. எல்லாவற்றையும் உஷ்ணமாக்கி விட்டுவிடும். பெரிய ஆஸ்பத்திரி ஜெனரேட்டர்களைச் சோதிக்க இதற்கென்றே தனி இயந்திரங்கள் உண்டு. விலையைக் கேட்டால் நமக்கு உஷ்ணம் ஏறும்! ஆனால் கையில் கிடைத்ததைக் கொண்டு சுமை செய்துகொள்வது பழைய யுக்திதான். 1960-களில் அமெரிக்காவின் ஹீத்கிட் கம்பெனி, ஒரு பெயின்ட் டப்பாவுக்குள் மின்தடையை வைத்து, எண்ணெயை ஊற்றிக்கொள்ளச் சொல்லி, அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு விற்றது. 'கான்டென்னா' என்ற அந்த டப்பா 1,000 வாட் வரை தாங்கியது.

நம் வீட்டில் என்ன இருக்கிறது, பார்ப்போமா?

எல்.இ.டி. பல்பு உதவாது. ஒவ்வொன்றும் 9 வாட்தான். 300 வாட் சுமைக்கு 33 பல்பு தேவைப்படும்! இஸ்திரிப் பெட்டி? சூடு ஏறியதும் தானாக அணைந்து, ஆறியதும் தானாக எரியும். நிலையில்லாத சுமையை வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது. தலைமுடி உலர்த்தும் கருவியும் வேண்டாம். அவற்றில் பல, குறைந்த சூட்டில் வைத்தால் மின்னலையில் ஒரு பாதியை மட்டும் இழுக்கும்; அது இன்வெர்ட்டருக்கு ஆகாது.

கைகொடுப்பவை இரண்டு. ஒன்று, பழைய 100 வாட் குண்டு பல்பு. மரப்பலகை ஒன்றில் நான்கு பீங்கான் ஹோல்டர்களையும், ஹோல்டருக்கு ஒரு ஸ்விச்சையும் பொருத்தித் தரும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். 100, 200, 300, 400 என்று படிப்படியாகச் சுமை ஏற்றலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: குளிர்ந்திருக்கும் இழை, முதல் கணத்தில் வழக்கத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேலாக மின்சாரத்தை இழுக்கும். ஆகவே நான்கையும் ஒன்றாகப் போடாமல் ஒவ்வொன்றாகப் போட வேண்டும்.

இன்னொன்று, வெந்நீர் போடும் ஹீட்டர் ராடு. அதற்குள் இருப்பது நிக்ரோம் கம்பி. 1906-இல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற கலப்பு உலோகம் அது. சூடேறினாலும் அதன் மின்தடை அதிகம் மாறாது. ஆகவே சுமை ஒரே சீராக நிற்கும். உஷ்ணத்தை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் இருக்கிறது. தண்ணீரின் பொறுமைக்குக் கேட்க வேண்டுமா? 15 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 1,000 வாட் ராடுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். சோதனை முடிந்ததும் குளிக்க வெந்நீர் தயார். பொய்ச் சுமையிலும் ஒரு மெய் லாபம்!

ஆனால் வீட்டில் சாதாரணமாக இருக்கும் 900 வி.ஏ. இன்வெர்ட்டர் 1,000 வாட் சுமையைத் தாங்காது. அதற்கும் வழி உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு 1,000 வாட் ராடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் பாதி வோல்ட்தான் கிடைக்கும். வோல்ட் பாதியானால் சக்தி கால்வாசியாகும். ஆக, ஒவ்வொன்றும் 250 வாட்; மொத்தம் 500 வாட். இந்த இணைப்பு எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. நாம் கை வைக்கக் கூடாது.

இனி வெள்ளோட்டம். மறுநாள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலியான பாட்டரி நிரம்பப் பல மணி நேரம் ஆகும். நோயாளியின் இயந்திரம் இன்வெர்ட்டரைத் தொடாமல் நேர் மின்சாரத்திலேயே ஓடட்டும். பாட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முழுக்கச் சார்ஜ் ஆனதும், இன்வெர்ட்டருக்கு வரும் மின்சாரத்தை நிறுத்துங்கள். நாலு பல்பையும் ஒவ்வொன்றாக ஏற்றி, கடிகாரத்தைப் பாருங்கள்.

நல்ல நிலையில் உள்ள 150 ஆம்ப்-அவர் பாட்டரி ஒன்று, 400 வாட் சுமையைச் சுமார் இரண்டரை மணி நேரம் தாங்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் வோல்ட் மெல்ல மெல்லத்தான் இறங்கும். சில நிமிஷங்களிலேயே 11-க்குக் கீழே சரிந்தால், பாட்டரி தன் காலத்தை முடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பாட்டரியை அடிவரை வற்ற வைக்கவும் வேண்டாம். அது அதன் ஆயுளைக் குறைக்கும். ஒரு மணி நேரம் நின்றால் போதும், நிறுத்திவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இப்படிச் செய்தால் போதுமானது.

ரிப்பேருக்குப் போன இன்வெர்ட்டர் திரும்பி வந்தாலும் இதே சோதனைதான். கடைக்காரர் ஒரு பல்பை எரியவிட்டு, "பாருங்கள், ஓடுகிறது!" என்றால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்களும் சரியாகப் பற்றவைக்காத இணைப்புகளும் சூடேறிய பிறகே தங்கள் குணத்தைக் காட்டும். "400 வாட் சுமையில் அரை மணி ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சில எச்சரிக்கைகளை மறக்கக் கூடாது. ராடு தண்ணீரில் குறியீடு வரை மூழ்கியிருக்க வேண்டும். ஸ்விச்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் விரல் வைக்கலாம். எரியும் பல்புகளுக்குப் பக்கத்தில் திரைச்சீலையோ குழந்தையோ இருக்கக் கூடாது. பாட்டரி இருக்கும் இடத்தில் தீக்குச்சி கிழிக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். உப்புத் தண்ணீரில் இரண்டு தகட்டை விட்டுச் சுமை செய்யலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். தொழிற்சாலைகளில் அது உண்டு. வீட்டில் அது உயிருக்கு உலை வைக்கும். இன்வெர்ட்டர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மூச்சுக்கு இயந்திரத்தை நம்பியிருப்பவருக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

சோதனை முடிந்ததும், எத்தனை வாட், எத்தனை நிமிஷம், எத்தனை வோல்ட் என்று சமையலறைக் காலண்டரில் ஒரு மூலையில் குறித்து வையுங்கள். பால் கணக்குக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அடுத்த சோதனையில் அந்த எண் குறைந்திருந்தால், புது பாட்டரிக்கு இப்போதே பணம் சேர்க்கத் தொடங்கிவிடலாம். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அதையும் வாங்கிவிடலாம்.