வில்லும் வீட்டுப் பட்டறையும்

மரவில் பழகுவோர் அதனைப் பேணுதற்கு வீட்டின் ஒரு மூலையே போதும். வெயிலும் ஈரமும் அடுப்பின் வெப்பமும் அணுகாத சுவரில் மரமுளைகளை அடித்து, நாண் கழற்றிய வில்லைக் கிடையாக வைத்தல் வேண்டும்; நாணேற்றியே விட்டால் மரம் வளைவிற்குப் பழகி விசையிழக்கும்.

தேன்மெழுகு, நூற்கண்டு, மென்துணி, அளவுகோல் ஆகிய நான்கும் அருகில் இருத்தல் நன்று. நாணில் மெழுகைத் தடவி விரலால் சூடுபிறக்கத் தேய்த்தால், அஃது இழைகளுட் புகுந்து காக்கும். அம்பு பொருந்துமிடத்தில் நூற்சுற்றுத் தேய்ந்தால் புதிதாகச் சுற்றுக. பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியை அளந்து குறித்து வைக்க. அது குறைந்தால் நாண் நீண்டதென்று பெரும்பாலும் அறியலாம்.

எய்யுமுன் இலக்கை நோக்கும் புறத்தைத் துணியால் தடவுக. துணி சிக்கினால் மரம் சிம்பெழுந்துள்ளது என்பது பொருள். அவ்வில்லை வளைத்தலாகாது, முறிந்து தெறிக்கும் துண்டு கண்ணைப் பறிக்கவுங் கூடும். இச்சோதனைக்குச் செல்வது ஒரு நிமிஷமே.