தெளிந்த கடல், மெலிந்த மீன்

கரையோரச் சட்டங்கள் – 9

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மீனவர்கள் போய், “குளிர்காலத்தில் மட்டுமாவது கொஞ்சம் குறைவாகச் சுத்தம் செய்யுங்கள்” என்று கேட்பதைக் கற்பனை செய்ய முடிகிறதா? ஜப்பானில் ஹியோகோ மாகாணத்தின் மீனவர் சங்கங்கள் அதைத்தான் கேட்டன. ஆண்டுக்கணக்கில் கேட்டன. கடைசியில் அந்த நாட்டு நாடாளுமன்றமே 2021-இல் சட்டத்தைத் திருத்தி வழிவிட்டது. இவர்களுக்கு முந்தைய தலைமுறை மீனவர்களில் பலர், அதே கடலின் எதிர்க்கரையில், ஆலைக்கழிவை நிறுத்தச் சொல்லி நீதிமன்றப் படியேறியவர்கள். இரண்டு தலைமுறையும் கேட்டது நியாயம்தான் என்பதே இந்த வாரக் கதையின் சிக்கல்.

செட்டோ உள்நாட்டுக் கடல் ஹோன்ஷு, ஷிகோகு, கியூஷு என்ற மூன்று பெரிய தீவுகளுக்கு நடுவே அடைபட்ட கடல். பரப்பு ஏறத்தாழ 23,000 சதுர கிலோமீட்டர். உள்ளே எழுநூறுக்கு மேற்பட்ட சிறு தீவுகள். சராசரி ஆழம் 40 மீட்டர்கூட இல்லை. வெளிக்கடலுக்குப் போக ஒரு சில குறுகலான வாசல்கள்தான் உண்டு. கரையெங்கும் ஒசாகா, கோபே, ஹிரோஷிமா என்று பெருநகரங்கள். இதில் வந்து வடியும் நிலத்தில் சுமார் மூன்று கோடிப் பேர் வாழ்கிறார்கள். நகரமும் ஆலையும் வயலும் விடும் தண்ணீரெல்லாம் கழிமுகங்கள் வழியாக இங்கேதான் வந்து சேரும். வந்தது எளிதில் வெளியேறாது.

1960களின் தொழில் வளர்ச்சியில் எண்ணெய் ஆலை, இரும்பு ஆலை, காகித ஆலை என எல்லாம் இந்தக் கரையில் வந்து உட்கார்ந்தன. ஆழம் குறைந்த கரையைத் தூர்த்தால் நிலம் கிடைக்கும். அதன் ஓரத்திலேயே கப்பல் கட்டலாம். கழிவுக்குக் கடல் இருக்கவே இருக்கிறது. சில ஆண்டுகளிலேயே கடல் சாகக் கிடக்கிறது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். 1972 கோடையில் கிழக்குப் பகுதியான ஹரிமா கடலில் ‘சாட்டோனெல்லா’ என்ற நுண்பாசி பெருகித் தண்ணீரின் நிறமே மாறியது. அந்தப் பாசி மீனின் செவுளைக் கெடுத்து மூச்சைத் திணறடிக்கும். திறந்த கடலில் திரியும் மீன் விலகி ஓடிவிடும். கூண்டில் வளரும் ஹமாச்சி மீன் எங்கே ஓடும்? அந்த ஒரு கோடையில் 1 கோடியே 40 லட்சம் ஹமாச்சிகள் செத்து மிதந்தன. நஷ்டம் 710 கோடி யென். வளர்ப்பு மீனவர்கள் வழக்குத் தொடுத்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டே, சுற்றியிருந்த மாகாணங்களின் ஆளுநர்களும் நகர மேயர்களும் ஒரு மாநாடாகக் கூடியிருந்தார்கள். கடலுக்கு மாகாண எல்லை கிடையாது. ஒருவர் மட்டும் கட்டுப்பாடு போட்டால் ஆலை பக்கத்து மாகாணத்துக்குப் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் நெருக்கியதும் மீன் செத்ததும் சேர்ந்து, 1973 அக்டோபரில் இந்தக் கடலுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. தற்காலிகம் என்று கொண்டுவந்தார்கள்; 1978-இல் நிரந்தரமாக்கினார்கள்.

அந்தச் சட்டம் எழுதப்பட்ட விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மற்ற இடங்களில் ஆலை தொடங்குபவர் கழிவுநீர் விடப்போவதாகத் தகவல் கொடுத்தால் போதும். இங்கே ஆளுநரிடம் முன்னதாக அனுமதி வாங்க வேண்டும். கடலுக்கு என்ன ஆகும் என்ற கணக்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அடுத்தது பங்கீடு. ஆலைகளிலிருந்து வரும் கரிமக் கழிவை, அதாவது சி.ஓ.டி. என்று அளக்கப்படுவதை, மூன்றே ஆண்டுகளில் 1972-இன் அளவில் பாதியாக்க வேண்டும். எந்த மாகாணம் எவ்வளவு என்று பிரித்தும் கொடுத்துவிட்டார்கள். ‘படிப்படியாக’, ‘இயன்றவரை’ போன்ற சொற்களுக்கு அங்கே வேலையில்லை. இலக்கை எட்டினார்கள்.

1979 முதல் வந்தது இன்னும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு: மொத்தச் சுமைக் கட்டுப்பாடு. கழிவுநீரில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று மட்டும் விதி இருந்தால், ஆலைக்காரர் இன்னொரு குழாயைத் திறந்து நல்ல தண்ணீரைக் கலந்து அளவைக் கீழே கொண்டுவந்துவிடலாம். பரிசோதனையில் தேறிவிடுவார். கடலுக்குப் போகும் அழுக்கில் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. நாள் ஒன்றுக்கு மொத்தம் இத்தனை கிலோதான் என்று வரம்பு கட்டினால் இந்த வித்தை பலிக்காது. நாளுக்கு 50 கன மீட்டருக்கு மேல் கழிவுநீர் விடும் ஒவ்வோர் இடமும் இந்தக் கணக்குக்குள் வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை இலக்கை இறுக்கினார்கள். முதலில் சி.ஓ.டி. மட்டும் இருந்த பட்டியலில் 2001-இல் நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்தன. நம் ஊர் அனுமதி ஆணைகளில் மில்லிகிராம் கணக்கைத் தேடிப் படிப்பவர்கள், கிலோ கணக்கு எங்கே என்றும் கேட்டுப் பழகலாம்.

பாதி வேலை கடலிலிருந்து வெகு தொலைவில் நடந்தது. கியோட்டோவுக்கு அந்தப் பக்கம் பிவா ஏரி இருக்கிறது. அதன் தண்ணீர் யோதோ ஆறாகி ஒசாகா விரிகுடாவில் சேருகிறது. 1977-இல் அந்த நன்னீர் ஏரியிலேயே நுண்பாசி பெருகிச் செந்நிறம் படர்ந்தது. துணி துவைக்கும் பவுடரில் உள்ள பாஸ்பரஸும் ஒரு காரணம் என்று தெரிந்ததும், ஷிகா மாகாணத்து இல்லத்தரசிகள் வீடு வீடாகப் போய், பழைய சோப்புக்கே திரும்புவோம் என்று பேசினார்கள். சலவைப் பவுடர் தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். 1979-இல் மாகாண சட்டமன்றம் பாஸ்பரஸ் கலந்த சலவைப் பவுடரை விற்கவும் பயன்படுத்தவும் தடை போட்டது. சில ஆண்டுகளில் நாடு முழுக்க பாஸ்பரஸ் இல்லாத பவுடர்தான் கடையில் கிடைத்தது. கழிமுகத்தைக் காக்கும் சட்டம் கழிமுகத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை.

சட்டம் ஓரிடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டது. கரையைத் தூர்ப்பதற்கு அனுமதி தரும்போது இந்தக் கடலின் தனித்தன்மையை ஆளுநர் ‘கருத்தில் கொள்ள வேண்டும்’ என்றது. தூர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. தூர்க்கும் வேகம் நிச்சயமாகக் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. 1994-இல் திறந்த கன்சாய் விமான நிலையமும் 2006-இல் திறந்த கோபே விமான நிலையமும் ஒசாகா விரிகுடாவில் மண் கொட்டி எழுப்பிய தீவுகள்தான். இன்று செட்டோ கடலின் கரையில் இயற்கையாக மிஞ்சியிருப்பது பாதிகூட இல்லை.

இருந்தாலும் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 1976-இல் மட்டும் 299 முறை கடல் நிறம் மாறியது. பிற்பாடு அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. தண்ணீர் தெளிந்தது. உலகெங்குமிருந்து நிபுணர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். கதை இங்கே முடிந்திருந்தால் பாடப்புத்தகத்தில் சேர்த்திருக்கலாம்.

பிறகு நோரியின் நிறம் வெளுத்தது. சுஷியைச் சுற்றும் கறுப்புத் தாள் போன்ற கடற்பாசிதான் நோரி. இலையுதிர் காலத்தில் வித்து ஒட்டிய வலைகளைக் கடலில் விரிப்பார்கள். குளிர்காலம் முழுக்க அறுவடை. நல்ல நோரி கருமையாக, ஒரு மினுக்கத்தோடு இருக்கும். நீரில் நைட்ரஜன் போதாவிட்டால் பழுப்பேறி, மஞ்சளித்துவிடும். ஏலத்தில் நிறத்தைப் பார்த்துத்தான் தரம் போடுவார்கள். வெளுத்த நோரியை யாரும் தொடமாட்டார்கள். ஹியோகோ ஜப்பானின் முன்னணி நோரி மாகாணங்களில் ஒன்று. 2000-க்குப் பிறகு அங்கே வெளுப்பு அடிக்கடி வரத் தொடங்கியது.

அடுத்து இகானாகோ. விரல் நீள மெல்லிய மீன். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதன் குஞ்சுகள் கரைக்கு வந்ததும் கோபே, அகாஷி வீடுகளில் சோயா சாறு, சர்க்கரை, இஞ்சி போட்டு, கரண்டியால் கிளறாமல் சுண்டக் காய்ச்சுவார்கள். கிளறினால் மீன் உடைந்துவிடும். வளைந்து பழுப்பேறி, துருப்பிடித்த ஆணி போல வரவேண்டும். பெயரிலேயே ஆணி இருக்கிறது, ‘குகினி’. கிலோ கிலோவாகச் செய்து வெளியூர்ச் சொந்தங்களுக்குத் தபாலில் அனுப்புவது வழக்கம். 2017 முதல் அந்த மீன் வரத்து விழுந்துவிட்டது. இகானாகோ கோடை முழுவதும் எதுவும் தின்னாமல் மணலுக்குள் புதைந்து கிடக்கும். உடம்பில் சேர்த்த கொழுப்பை நம்பித்தான் குளிர்காலத்தில் முட்டையிடும். மாகாண மீன்வள ஆய்வாளர்கள் பார்த்தபோது மீன் மெலிந்திருந்தது, முட்டையும் குறைந்திருந்தது. நைட்ரஜன் குறைய நுண்பாசி குறைந்தது. அதைத் தின்னும் மிதவை உயிரிகள் குறைந்தன. அவற்றைத் தின்னும் இகானாகோ இளைத்தது.

அப்போதுதான் சுத்திகரிப்பு நிலையங்களின் கதவைத் தட்டினார்கள். இந்த நிலையங்களில் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கி, பிறகு வெறும் வாயுவாக்கிக் காற்றில் விடுகின்றன. முதல் வேலைக்குத் தொட்டிக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்காலத்தில் ஊதுவதைக் குறைத்தால் அம்மோனியா அப்படியே கடலுக்குப் போகும். நோரிக்கு அது உரம். காகோகாவா ஆற்றின் கழிமுகப் பக்கத்திலும் அகாஷி நகரிலும் இப்படிச் செய்துபார்த்தார்கள். சொல்வதற்குச் சுலபம். நைட்ரஜனை எடுக்கவென்றே கட்டிய நிலையத்தை, விதித்த அளவைத் தாண்டாமல், பாதி வேகத்தில் ஓட்டுவது அங்கே வேலை செய்பவர்களுக்குக் கயிற்றின் மேல் நடப்பதுதான்.

இன்னொரு முயற்சி எனக்கு இதைவிடப் பிடித்தது. ஜப்பானிலேயே அதிகப் பாசனக் குளங்கள் உள்ள மாகாணம் ஹியோகோ, இருபதாயிரத்துக்கு மேல். விவசாயம் ஓய்ந்த மாதங்களில் குளத்தை வடித்து, அடிச்சேற்றைக் கிளறிவிடுவது பழைய பழக்கம். கிராமத்தில் ஆட்களுக்கு வயதாகிவிட்டதால் அது நின்றுபோயிருந்தது. அவாஜி தீவில் இப்போது மீனவர்கள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மலையடிக் குளங்களுக்கு ஏறி வருகிறார்கள். விவசாயியும் மீனவரும் முழங்கால் சேற்றில் நின்று மண்வெட்டியால் கலக்கிவிட, கறுத்த தண்ணீர் மதகு வழியே ஓடிக் கடலில் சேருகிறது. நம்மூரில் ஏரி வண்டலை வயலுக்கு அள்ளினோம். அவர்கள் கடலுக்கு விடுகிறார்கள்.

2019-இல் ஹியோகோ தன் மாகாண விதியில் ஒரு புதிய எண்ணை எழுதியது: கடல்நீரில் மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது, பாஸ்பரஸ் 0.02-க்குக் கீழே போகக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகளில் அதுவரை கூரை மட்டும்தான் இருந்தது. இவர்கள் தரையும் போட்டார்கள். அந்த நாட்டு நீர்த்தர விதியில் கடலின் முதல் தரத்துக்கான உச்ச அளவும் அதே 0.2-தான்! மத்திய அரசின் பட்டியலில் முதல் வகுப்பில் தேறும் கடல், இந்த மாகாணத்தின் கணக்கில் பட்டினி கிடக்கும் கடல். 2021-இல் திருத்திய சட்டம், எந்த இடத்தில் எவ்வளவு ஊட்டம் விடலாம் என்று ஆளுநரே திட்டம் வகுக்க இடம் கொடுத்தது. திட்டத்தில் சேரும் நிலையங்களுக்கு மொத்தச் சுமை வரம்பிலிருந்து விலக்கும் தந்தது. 2022 அக்டோபரில் முதல் திட்டத்தைப் போட்டதும் ஹியோகோதான்.

இதைப் படித்துவிட்டு, “பார்த்தீர்களா, கழிவும் கடலுக்கு நல்லதுதான்” என்று யாராவது கிளம்பினால், அவர்களை ஒசாகா விரிகுடாவின் உள்மூலைக்கு அழைத்துப் போக வேண்டும். அமாகசாகி, நிஷினோமியா பக்கம் கோடையில் இன்றும் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாமல் போகிறது. அங்கிருந்து சிறிது தூரம் மேற்கே போனால் ஊட்டமில்லாமல் ஏங்கும் ஹரிமா கடல். கடலுக்கு மொத்தமாக ஒரே எண்ணை விதித்து, அதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கீழே இறக்கிக்கொண்டே போனதுதான் தவறாகப் போனது என்று நினைக்கிறேன். கட்டுப்பாடு போட்டதில் எந்தத் தவறும் இல்லை. மேலும் ஹியோகோ கேட்பது அம்மோனியா. பாதரசமோ எண்ணெயோ சாம்பலோ அல்ல.

மாற்றுக் கருத்தும் வலுவாகவே இருக்கிறது. கடல் வெப்பம் ஏறிவிட்டது, குளிர்நீர் மீனான இகானாகோ எப்படித் தாங்கும் என்று சில ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். தூர்த்துவிட்ட சேற்றுநிலமும் கடற்புல் படுகையும்தான் மீன்குஞ்சுகளின் தொட்டில். அவை இல்லாதபோது நைட்ரஜனைக் கொட்டி என்ன பயன் என்பவர்களும் உண்டு. எனக்கும் இதில் பாதிச் சந்தேகம். நிலையத்தின் காற்றைக் குறைக்க ஒரு சுற்றறிக்கை போதும். கான்கிரீட் கரையை உடைத்துச் சேற்றுநிலமாக்கப் பணமும் மனமும் வேண்டும். 2015-இலும் 2021-இலும் சட்டத்தைத் திருத்தியவர்கள் கரையைத் தூர்ப்பது பற்றிய அந்த ‘கருத்தில் கொள்ள வேண்டும்’ வாசகத்தைத் தடையாக மாற்றவில்லை.

இகானாகோ இன்னும் திரும்பவில்லை. 2024-இல் ஒசாகா விரிகுடா மீனவர்கள் தாங்களாகவே அதைப் பிடிக்காமல் விட்டார்கள். அகாஷி கடைகளில் அந்த வசந்தத்தில் குகினிக்கு வேறு மீனைப் போட்டுச் செய்யலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம்: அமெரிக்காவின் செசபீக் விரிகுடா. ஆறு மாநிலங்களும் ஒரு தலைநகரும் விடும் தண்ணீர் சேரும் இடத்தில், யார் எவ்வளவு குறைப்பது என்ற நாற்பதாண்டுச் சண்டை.