உங்களுக்குத் தெரியுமா? கீழே இழுப்பது ஒன்று, மேலே தள்ளுவது பல!

★ பூமி நம்மை இழுப்பதை நாம் உணர்வதே இல்லை. புவியீர்ப்பு உடலின் ஒவ்வோர் அணுவையும் ஒரே சீராக இழுப்பதால் அதைத் தனியாக அறிய நமக்கு வழி கிடையாது. நமக்குத் தெரிவதெல்லாம் தரை நம்மை மேல்நோக்கித் தள்ளும் விசைதான். அது பாதத்தில் மட்டும் தள்ளுகிறது. ரேஷன் கடை வரிசையில் அரை மணி நேரம் நின்றால் முதலில் வலிப்பதும் பாதம்தான்.

★ மேசை மேல் புத்தகம் இருக்கிறது. உயிரில்லாத மேசை அதை எப்படி மேலே தள்ளும்? புத்தகத்தின் எடையால் பலகை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. உள்ளே அணுக்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. நெருங்கிய அணுக்கள் மின்விசையால் விலக்கிக்கொள்கின்றன. அந்த விலக்கல் எடைக்குச் சமமாகும் இடத்தில் வளைவு நின்றுவிடும். இன்னொரு புத்தகத்தை வைத்தால் இன்னும் கொஞ்சம் வளையும். பலகையும் அந்த அளவு கூடுதலாகத் தள்ளும். பள்ளிப் பாடத்தில் செங்குத்து விசை என்று வருவது இதுதான்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதை நன்றாக மனத்தில் வைக்க வேண்டும்: புத்தகத்தின் எடையும் மேசை தள்ளும் விசையும் நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் இணை அல்ல. இரண்டுமே புத்தகத்தின் மேல் செயல்படுகின்றன. மூன்றாம் விதியின் இணையோ எப்போதும் இரு வேறு பொருள்களின் மேல்தான் இருக்கும். பூமி புத்தகத்தை இழுப்பதற்கு இணை, புத்தகம் பூமியை இழுப்பது. ஆம், அதே அளவு விசையுடன் புத்தகமும் பூமியை இழுக்கிறது!

★ லிஃப்டுக்குள் எடை பார்க்கும் கருவியின் மேல் ஏறி நில்லுங்கள். 60 கிலோ உள்ளவர் என்றால், லிஃப்ட் மேலே கிளம்பும் நொடியில் கருவி 66 கிலோ வரை காட்டலாம்; கீழே இறங்கத் தொடங்கும்போது 54 ஆகக் குறையலாம். பூமியின் இழுப்பு கொஞ்சமும் மாறவில்லை. தரையின் தள்ளல்தான் கூடிக் குறைகிறது. கருவிக்கு அளக்கத் தெரிந்ததும் அந்தத் தள்ளலை மட்டுமே.

★ விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பு இல்லை என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். தவறு. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் ஏறத்தாழ 89 சதவீதம். நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருக்கிறார்கள். காலடியில் உள்ள தரையும் சேர்ந்து விழுவதால் மேலே தள்ள எதுவும் இல்லை. அதனால்தான் மிதக்கிறார்கள்.

★ கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு ஒரு விஷயம் கை வழியாகவே தெரியும். வாளி நீருக்குள் இருக்கும்வரை கயிறு லேசாக வரும். வாளி நீர்மட்டத்தைத் தாண்டி வெளியே வரும்போது தோள் சட்டென்று இறங்கும். 10 லிட்டர் வாளி என்றால், அந்த 10 கிலோவை அதுவரை தாங்கியது சுற்றியிருந்த நீரின் மிதப்பு விசை. அது விலகியதும் முழுச் சுமையும் கயிற்றின் இழுவிசைக்கு மாறுகிறது.

★ காற்றுக்கும் மிதப்பு விசை உண்டு. 70 கிலோ எடையுள்ளவரின் உடல் சுமார் 70 லிட்டர் காற்றை விலக்குகிறது; ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். அதாவது நம்மை எப்போதும் 80 கிராமுக்கு மேல் காற்று தூக்கிக்கொண்டிருக்கிறது. 1783 நவம்பர் 21 அன்று பாரிசில் இரண்டு பேரைச் சுமந்து மேலேறிய மான்கோல்பியே சகோதரர்களின் பலூனும் இதே விசையால்தான் பறந்தது. காற்றைச் சூடாக்கினால் அதன் அடர்த்தி குறையும், அது போதும்.

★ இமயமலை மிதக்கிறது. இதைக் கண்டுபிடிக்க வழி திறந்தது, 1802இல் நம் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய நில அளவை. அந்தப் பணி பின்னாளில் ஜார்ஜ் எவரெஸ்ட் தலைமையில் வடக்கே சென்றபோது ஒரு சிக்கல் வந்தது. மத்திய இந்தியாவிலுள்ள கலியான்பூருக்கும் இமயத்துக்கு அருகிலுள்ள கலியானாவுக்கும் இடையிலான அட்சரேகை வேறுபாட்டை இரண்டு முறையில் கணக்கிட்டார்கள். தரையில் முக்கோணம் முக்கோணமாக அளந்த கணக்கும் விண்மீன்களைப் பார்த்துப் போட்ட கணக்கும் 5 விகலைக்கு (விகலை என்பது கோணத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) சற்று மேலே வேறுபட்டன.

விண்மீன் கணக்குக்கு நேர் செங்குத்துத் திசை தெரிய வேண்டும். அதைக் காட்டுவது தூக்குக்குண்டு. இமயத்தின் பெரும் நிறை குண்டைத் தன் பக்கம் இழுத்துச் சாய்த்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார் கல்கத்தாவில் இருந்த பாதிரியார் ஜான் பிராட். விடை இன்னும் வியப்பாக இருந்தது. அவ்வளவு பெரிய மலை சுமார் 15 விகலை சாய்த்திருக்க வேண்டும். உண்மையில் சாய்த்ததோ அதில் மூன்றில் ஒரு பங்கு!

1855இல் ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கில வானியலாளர் விளக்கம் சொன்னார். நீரில் மிதக்கும் மரக்கட்டைகளில் உயரமாகத் தெரியும் கட்டை ஆழமாகவும் மூழ்கியிருக்கும் அல்லவா? மலையும் அப்படியே, அடியில் உள்ள அடர்த்தியான பொருளுக்குள் லேசான பாறையால் ஆன வேரை இறக்கி மிதக்கிறது. அடியில் உள்ள அந்த லேசான வேர்தான் மலையின் இழுப்பைக் குறைத்துக் காட்டியது. இமயம், திபெத் பகுதியில் பூமியின் மேலோடு சுமார் 70 கிலோமீட்டர் தடிமன். மற்றக் கண்டப் பகுதிகளின் சராசரியோ 35 முதல் 40 வரைதான். மிதப்பு விசையைச் சொல்லும் ஆர்க்கிமிடீசின் விதி ஒரு மலைத்தொடரையே தாங்கி நிற்பதைவிடப் பெரிய சான்று அந்த விதிக்கு வேண்டுமா?

★ இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்த ஒரு பெரும்பகுதி இருக்கிறது. அங்கே கடல் மட்டம், பூமியின் சீரான வடிவத்துக்கான கணக்கைவிட 106 மீட்டர் வரை தாழ்ந்திருக்கிறது. உலகில் இதுவே மிகப் பெரிய தாழ்வு.

★ 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் மழைத்துளியைக் காற்று தடுக்காவிட்டால் அது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் நம் தலையில் இறங்கும். வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் கூடி, எடைக்குச் சமமானதும் துளி மேற்கொண்டு வேகம் பிடிப்பதில்லை. பெரிய துளிக்கு அது நொடிக்கு சுமார் 9 மீட்டர். மேகத்திலுள்ள நுண்துளிக்கோ நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே. மேலெழும் மெல்லிய காற்று போதும், அதைத் தாங்க.

★ காற்றே இல்லாத இடத்தில்? 1971இல் அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் ஒரு சுத்தியலையும் வல்லூற்றின் இறகு ஒன்றையும் ஒன்றாகக் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகத் தரை தொட்டன.

★ விமான இறக்கையின் மேலே போகும் காற்று கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும், அதனால்தான் வேகமாகப் போகிறது என்று பல நூல்களில் படித்திருப்பீர்கள். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை; மேலே போகும் காற்று உண்மையில் முந்தியே சேர்கிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. தட்டையான காகித விமானம் பறப்பதும் இதனால்தான்.

★ 1997இல் நெதர்லாந்தில் ஆந்த்ரே கெய்ம் குழுவினர் 16 டெஸ்லா காந்தப்புலத்தில் உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்க விட்டார்கள். தவளை உடலிலுள்ள நீரைக் காந்தப்புலம் மிக லேசாக விலக்கும். புலம் வலுவாக இருந்தால் அதுவே எடையைத் தாங்கிவிடும். தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கெய்ம் 2010இல் கிராஃபீன் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றார்.

★ எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்ததும் எடைக்கும் மேல்நோக்கிய விசைக்கும் இடையிலான இதே போட்டியை வைத்துத்தான். ராபர்ட் மில்லிகன் சிறு எண்ணெய்த் துளிகளை மின்தகடுகளுக்கு இடையில் விட்டு, மேல்நோக்கிய மின்விசையால் அவற்றின் எடையைச் சமன் செய்தார். 1923இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

★ வீட்டில் செய்து பாருங்கள். காகிதக் கோப்பையின் அடியில் பென்சில் முனையால் ஒரு துளை போட்டு, விரலால் அடைத்துக்கொண்டு நீர் நிரப்புங்கள். விரலை எடுத்தால் நீர் ஒழுகும். இப்போது மொட்டை மாடியிலிருந்து, கோப்பை விழும் இடத்தில் ஆள் இல்லாததைப் பார்த்துவிட்டு, கோப்பையை அப்படியே கைவிடுங்கள். கீழே சற்றுத் தள்ளி நிற்கும் ஒருவர் கைப்பேசியில் ஸ்லோ மோஷனில் படம் பிடிக்கட்டும். விண்வெளி நிலையத்தில் போலவே கோப்பையும் நீரும் சேர்ந்து விழுவதால், கோப்பை விழும் நேரம் முழுவதும் துளையிலிருந்து நீர் ஒழுகாது.