திட்டினால் திருந்துவார்களா? – ஒரு பகடைக் கணக்கு



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு. ஆனா கவிதை மட்டும் வேணாம்பா, ஏற்கெனவே ஒரு கட்டு வந்து கிடக்கு" என்றார் மன்றச் செயலாளர். எனக்குக் கவிதையும் வராது. ஆகவே புள்ளியியலைப் பற்றி எழுதுகிறேன். தயவுசெய்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்! இதில் ஃபார்முலா ஒன்றே ஒன்றுதான். அதையும் வார்த்தையிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஹாஸ்டலில் முதலாம் ஆண்டுப் பையன்கள் இருவருக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். முதல் யூனிட் டெஸ்டில் ஐம்பதுக்கு ஒருவன் 9, இன்னொருவன் 46. ஒன்பது வாங்கியவனை மெஸ்ஸில் எல்லோர் முன்பும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். "உங்கப்பா வயித்தைக் கட்டி வாயைக் கட்டிப் பணம் அனுப்புறார், நீ இங்க என்னடா பண்றே?" என்றுகூடக் கேட்டேன். நாற்பத்தாறு வாங்கியவனுக்கு முதுகில் ஒரு தட்டு, பரோட்டா, சால்னா. அடுத்த டெஸ்டில் 9 வாங்கியவன் 24 வாங்கினான். 46 வாங்கியவன் 35க்கு இறங்கினான்.

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான், பெரியவங்க சும்மாவா சொன்னாங்க!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 35 வாங்கியவனிடம், "ஒரு தடவை பாராட்டினதுக்கே தலைக்கனம் ஏறிடுச்சா?" என்றேன். அவன் பதில் பேசவில்லை. மறுநாளிலிருந்து என் அறைக்குப் படிக்க வருவதையும் நிறுத்திவிட்டான்.

பொங்கல் விடுமுறையில் இந்தப் பெருமையை என் அக்காவிடம் அளந்தேன். அவள் உளவியல் பட்டப்படிப்பு படிக்கிறாள். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "டேய், நீ நல்லா ஏமாந்திருக்கே" என்று தன் புள்ளியியல் நோட்டை எடுத்து வந்தாள். மனசைப் பற்றிப் படிக்க எதற்குக் கணக்கு என்பது எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். கேட்டேன். "மனசு ஏமாத்தும். அதுக்குத்தான்" என்றாள்.

அவள் முதலில் சொன்னது இஸ்ரேல் நாட்டில் நடந்த கதை. 1960களில் டேனியல் கானமன் என்ற உளவியலாளர், அந்நாட்டு விமானப்படையின் பயிற்சி ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுத்தார். தவறுக்குத் தண்டிப்பதைவிட முன்னேற்றத்துக்குப் பாராட்டுவதே நல்ல பலன் தரும் என்று அவர் சொன்னதும், அனுபவம் மிக்க ஓர் ஆசிரியர் எழுந்து மறுத்தார். 'வானத்தில் ஒரு சாகசத்தை அருமையாகச் செய்த பையனைப் பாராட்டினால், அடுத்த முறை பெரும்பாலும் சொதப்புகிறான். மோசமாகச் செய்தவனைக் கத்தினால், அடுத்த முறை தேறுகிறான். எங்களுக்குத் தெரியாததா?' என்பது அவர் வாதம். அச்சு அசலாக என் மெஸ் பேச்சு!

கானமன் வாதாடவில்லை. தரையில் சாக்பீஸால் ஒரு குறி வரைந்தார். ஒவ்வோர் அதிகாரியும் குறிக்கு முதுகைக் காட்டி நின்று, திரும்பிப் பார்க்காமல், அடுத்தடுத்து இரண்டு காசுகளை எறிய வேண்டும். குறியிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழுந்தன என்று அளந்து கரும்பலகையில் எழுதினார்கள். முதல் காசைக் குறிக்கு மிக அருகில் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது காசு தள்ளிப் போயிருந்தது. முதலில் ரொம்பத் தள்ளிப் போட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதில் நெருங்கி வந்திருந்தார்கள். இங்கே யாரும் யாரையும் திட்டவில்லை, பாராட்டவுமில்லை. 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் இந்தக் கானமன். 2024இல் காலமானார்.

நமக்குக் காசு எறியக்கூட வேண்டாம், இரண்டு பகடை போதும். இரண்டையும் உருட்டிக் கூட்டினால் 2 முதல் 12 வரை வரும். மொத்தம் 36 விதமாக விழலாம். சராசரி 7. ஒரு பையன் உருட்டி 3 போடுகிறான். "உருப்படுவியாடா நீ?" என்று திட்டுகிறோம். மறுபடி உருட்டுகிறான். மூன்றைவிட அதிகமாக விழ 36க்கு 33 வாய்ப்பு, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 92! திட்டு பலித்துவிட்டது! இன்னொருவன் 11 போடுகிறான். தோளில் தட்டிக் கொடுக்கிறோம். அடுத்த முறை அதற்குக் குறைவாக விழ அதே 36க்கு 33. பாராட்டு கெடுத்துவிட்டது! பகடைக்கு மானம், ரோஷம், தலைக்கனம் எல்லாம் ஏது?

இந்த இடத்தில் 'திட்ட விலக்கம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நாம் பாஸாவதற்காக உருப்போட்டு மறந்த சொல்தான். சராசரி என்பது கூட்டம் எங்கே மையம் கொண்டிருக்கிறது என்று சொல்லும். அந்த மையத்திலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளித் தள்ளி விழும் என்பதைச் சொல்வது திட்ட விலக்கம். இரண்டு பகடைக்கு அது ஏறக்குறைய 2.4. ஏழிலிருந்து இந்தப் பக்கம் 2.4, அந்தப் பக்கம் 2.4 போனால் 5 முதல் 9 வரை அடங்கும். எண்ணிப் பாருங்கள், 36இல் 24, அதாவது மூன்றில் இரண்டு பங்கு அதற்குள்ளேயே விழுந்துவிடும். மூன்றும் பதினொன்றும் வெளியே கிடப்பவை. வெளியே போனவன் மறுமுறை உருட்டும்போது உள்ளே விழத்தான் வாய்ப்பு அதிகம். நாம் திட்டுவதும் பாராட்டுவதும் எப்போது? யாராவது வெளியே போய் விழும்போதுதானே! ஏழு போட்டவனை யார் கண்டுகொள்கிறார்கள்?

"மார்க் என்ன பகடையாக்கா? படிச்சாத்தானே வரும்?" என்று மடக்கினேன். அக்கா மடங்கவில்லை. மார்க்கில் படிப்பும் இருக்கிறது, பகடையும் இருக்கிறது என்றாள். படித்த கேள்வி வந்தது, ராத்திரி தூக்கம் இல்லாதது, கால்குலேட்டர் பாட்டரி போனது, திருத்துகிறவருடைய அன்றைய மனநிலை, இவையெல்லாம் பகடைப் பங்கு. 46 என்பதில் நல்ல படிப்போடு நல்ல அதிர்ஷ்டமும் கலந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அடுத்த டெஸ்டுக்குப் படிப்பு கூட வரும். அதிர்ஷ்டம் கூட வர வேண்டும் என்று கட்டாயமில்லை.

எவ்வளவு பங்கு படிப்பு, எவ்வளவு பங்கு பகடை என்பதைச் சொல்ல ஒரு எண் உண்டு. அதன் பெயர் ஒட்டுறவுக் கெழு. இதற்கு அடித்தளம் போட்டவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன், சார்லஸ் டார்வினின் உறவினர். 1886இல் அவர் 205 பெற்றோர்கள், அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேர் ஆகியோரின் உயரங்களை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பெண்களின் உயரத்தை 1.08ஆல் பெருக்கி ஆண்களின் உயரத்தோடு ஒப்பிடும்படி செய்துகொண்டார். பொதுச் சராசரி 68¼ அங்குலம். தாய் தந்தையின் சராசரி அதைவிட 3 அங்குலம் கூடுதல் என்றால், பிள்ளைகளின் சராசரி 2 அங்குலம்தான் கூடுதலாக இருந்தது. குள்ளமான பெற்றோர் பக்கமும் அப்படியே, பிள்ளைகள் சராசரியை நோக்கி மேலே வந்தார்கள். நம் பாடநூல்களில் 'தொடர்புப் போக்கு' என்று வருகிறதே, அந்த ரிக்ரஷன் என்ற சொல் பிறந்த கதை இதுதான். பின்னோக்கிச் செல்லுதல் என்பது அதன் நேர்ப்பொருள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. கால்டனின் அட்டவணையைத் தலைகீழாகவும் படிக்கலாம். உயரமான பிள்ளைகளை முதலில் எடுத்துக்கொண்டு, அவர்களின் பெற்றோரைப் பார்த்தால், பெற்றோர்தான் சராசரிக்கு நெருக்கமாக இருக்கிறார்கள்! பிள்ளையின் உயரம் பின்னால் போய்ப் பெற்றோரைக் குறைக்குமா? அதேபோல் இரண்டாவது டெஸ்டில் மேலே நிற்பவர்களை எடுத்து முதல் டெஸ்டைப் பாருங்கள். அதில் அவர்களின் சராசரி குறைவாக இருக்கும். ஆக இது காரணமும் விளைவுமாக நடப்பதல்ல, ஒட்டுறவு முழுமையாக இல்லாத எந்த இரண்டு அளவிலும் தானாக வருவது.

சரி, நான் வாக்களித்த ஒரே ஃபார்முலா. இரண்டு டெஸ்டிலும் வகுப்புச் சராசரியும் பரவலும் ஒன்றே என்றால், ஒருவன் முதல் டெஸ்டில் சராசரியிலிருந்து விலகியதை ஒட்டுறவுக் கெழுவால் பெருக்கிச் சராசரியோடு கூட்டுங்கள். அதுதான் அடுத்த டெஸ்டில் எதிர்பார்க்க வேண்டிய மார்க். வகுப்புச் சராசரி 30, கெழு 0.6 என்று வைத்துக்கொள்வோம். 9 வாங்கியவன் சராசரிக்கு 21 கீழே. 21ஐ 0.6ஆல் பெருக்கினால் 12.6. ஆக யாரும் வாயே திறக்காவிட்டாலும் அவன் ஏறக்குறைய 17 வாங்க வேண்டியவன். 46 வாங்கியவனுக்கு இதே கணக்கில் ஏறக்குறைய 40.

"அவன் 17 வாங்கலையே, 24 வாங்கினானே! மீதி ஏழு மார்க் என் திட்டுக்குத்தானே?" என்றேன், விடாமல். "அதை அவன்கிட்டயே கேளு" என்றாள். லீவு முடிந்து வந்து கேட்டேன். முதல் டெஸ்ட் அன்று அவனுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலாம். "அப்பவே ஏன்டா சொல்லலை?" என்றால், "நீங்க எங்கண்ணா சொல்ல விட்டீங்க?" என்றான்.

அப்படியானால் திட்டு என்பது வேலையே செய்யாதா? அப்படியும் சொல்லிவிட முடியாது. ஒருவன் இரண்டு பேரை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதுதான் கணக்கு. தெரிந்துகொள்ள வேண்டுமானால் மார்க் குறைந்த பையன்கள் நாற்பது பேரை எடுத்து, காசு சுண்டி இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதியைத் திட்ட வேண்டும், மறு பாதியைச் சும்மா விட வேண்டும். இரண்டு பாதியும் தானாகவே மேலே ஏறும். திட்டு வாங்கிய பாதி சும்மா விட்ட பாதியைவிட எவ்வளவு கூடுதலாக ஏறியது, அது மட்டுமே திட்டின் கணக்கில் சேரும். இப்படிக் குலுக்கிப் பிரிப்பதை ஆய்வுக்கு அடிப்படை விதியாக்கியவர் ரொனால்ட் ஃபிஷர். அவருடைய சோதனை வடிவமைப்பு பற்றிய நூல் 1935இல் வந்தது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது கஷாயம் குடித்துவிட்டு, மறுநாள் இறங்கியதும் கஷாயத்தைப் புகழ்கிறோமே, அங்கேயும் இந்தச் 'சும்மா விட்ட பாதி' இல்லை.

1985இல் பால் ஷாஃப்னர் என்ற உளவியலாளர் இதைக் கம்ப்யூட்டரிலேயே செய்து காட்டினார். திரையில் ஒரு மாணவன் தினமும் பள்ளிக்கு வரும் நேரம் தெரியும், 8.20 முதல் 8.40க்குள். வர வேண்டியது 8.30க்கு. பார்க்கிறவர் ஆசிரியராக இருந்து அவனைப் பாராட்டலாம், கண்டிக்கலாம். உண்மையில் வரும் நேரத்தைக் கம்ப்யூட்டர் குருட்டாம்போக்கில்தான் தேர்ந்தெடுத்தது, ஆசிரியர் சொன்னது எதையும் அது கேட்கவேயில்லை. இருந்தும் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் பாராட்டைவிடக் கண்டிப்பே பலன் தந்தது என்று முடிவு செய்தார்கள்!

தொழிற்சாலைக்குப் போகப்போகிற நாம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று. தரக் கட்டுப்பாட்டில் பெயர் பெற்ற எட்வர்ட்ஸ் டெமிங் தன் கருத்தரங்குகளில் ஒரு மணி விளையாட்டு நடத்துவார். பெட்டியில் 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. ஐம்பது குழி உள்ள ஒரு பலகையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். சிவப்பு மணி 'ரிஜெக்ட்'. ஆறு 'தொழிலாளர்கள்' முறை வைத்து எடுப்பார்கள். குறைவாகச் சிவப்பு எடுத்தவருக்கு டெமிங் பாராட்டு தருவார், நிறைய எடுத்தவரைக் கடிந்துகொள்வார். மறுநாள் கணக்கில் பாராட்டு வாங்கியவர் சரிவார், திட்டு வாங்கியவர் தேறுவார். கணக்குப்படி சராசரி 10, திட்ட விலக்கம் 2.8. ஆக 5 வந்தாலும் 15 வந்தாலும் அது பெட்டியின் வேலை, கையின் வேலை இல்லை. சிவப்பைக் குறைக்க வேண்டுமானால் பெட்டியை மாற்ற வேண்டும்.

லேத்திலும் இதே சங்கதிதான். தற்செயலாக ஒரு ஜாப் கொஞ்சம் கூடிவிட்டது என்று கிராஸ் ஸ்லைடைத் திருகி, அடுத்தது குறைந்துவிட்டது என்று திரும்பத் திருகி, ஒவ்வொரு தடவையும் பிழை முழுவதையும் ஈடுகட்டப் பார்த்தால், அளவின் திட்ட விலக்கம் ஏறக்குறைய 1.4 மடங்காகிவிடும். சும்மா இருந்திருந்தால் தேவலை! எந்த விலகலுக்குக் கை வைக்கலாம், எதற்கு வைக்கக்கூடாது என்று காட்டத்தான் 1924இல் வால்டர் ஷூஹார்ட் கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கொண்டுவந்தார்.

ஒரு தவறான எண்ணம் மட்டும் வந்துவிட வேண்டாம். 'அப்படியென்றால் போகப் போக எல்லோரும் முப்பதுக்கே வந்துவிடுவார்களா?' இல்லை. மேலே இருந்தவர்கள் இறங்கிய இடத்துக்கு நடுவிலிருந்து வேறு சிலர் ஏறியிருப்பார்கள். வகுப்பின் பரவல் அப்படியே இருக்கும், முகங்கள் மாறியிருக்கும். மூன்று போட்டவனுக்கு அடுத்து பதினொன்று 'வந்தே ஆக வேண்டும்' என்பதும் இல்லை. பகடைக்கு ஞாபகம் கிடையாது.

இப்போது அந்த 35 மார்க் தம்பி விஷயம். அவன் 40 எதிர்பார்க்க வேண்டிய இடத்தில் 35 வாங்கினான். அந்த ஐந்து ஏன் குறைந்தது என்று எந்தக் கெழுவாலும் சொல்ல முடியாது. பகடையாக இருக்கலாம், வீட்டில் ஏதாவது இருந்திருக்கலாம். நான் அதைத் தலைக்கனம் என்று பெயர் வைத்து அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்து அவன் அறைக்குப் போனேன். நோட்டில் 36 கட்டம் போட்டுப் பகடைக் கணக்கைக் காட்டினேன். முழுவதும் கேட்டான். "அப்ப அன்னிக்கு வாங்கிக் கொடுத்த பரோட்டா மேல தப்பு இல்லைங்களாண்ணா?" என்றான்.

"தப்பு என் மேலதான்டா" என்றேன். அன்று இரவு ஒன்பது மணிக்கு நோட்டோடு என் அறைக்கு வந்தான். ஒன்பது மார்க் தம்பி அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான்.