பாராகுவாட் நச்சு இறப்புகளில் பிணக்கூறாய்வு: உயிர்வாழ்ந்த காலமும் நுரையீரல் சான்றும்

பாராகுவாட் களைக்கொல்லியை உட்கொண்டு இறந்தோரின் பிணக்கூறாய்வில் காணப்படுவன, அதன்பின் அவர்கள் எத்தனை நாள் உயிரோடிருந்தனர் என்பதைப் பெரிதும் பொறுத்தவை. மிகுந்த அளவு அருந்தியோர் ஓரிரு நாள்களில் பல உறுப்புகள் செயலிழந்து இறப்பர். அவர்தம் வாயிலும் உணவுக்குழலிலும் அரிப்புப் புண்கள் காணப்படும். நுரையீரல்கள் நீர்கோத்து, குருதிக்கசிவுடன் கனத்திருக்கும். சிறுநீரக நுண்குழல்கள் சிதைந்திருக்கும்.

குறைந்த அளவு உட்கொண்டு இரண்டு, மூன்று வாரங்கள் கழித்து இறந்தோரிடம் நிலை வேறு. பாலிஅமைன்களை உள்ளேற்கும் வழியாகவே பாராகுவாட் நுரையீரல் உயிரணுக்களில் புகுந்து செறிகிறது. அங்கு ஆக்சிஜனோடு வினைபுரிந்து சூப்பராக்சைடை இடையறாது தோற்றுவிக்கிறது. (இந்நோயாளிக்கு ஆக்சிஜன் அளிப்பதே தீங்காகக்கூடும் என்பது இதனால்தான்.) காற்று நுண்ணறைச் சுவர்கள் அழிந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து நுரையீரல் இறுகிவிடுகிறது. வாய்ப்புண் அதற்குள் ஆறியிருக்கலாம். நஞ்சின் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடுவதால் வேதியியல் ஆய்விலும் ஒன்றும் தென்படாது போகலாம். மருத்துவக் குறிப்புகளைப் பாராதுவிடின், இவ்விறப்பு நுரையீரல் அழற்சியெனப் பதிவாக இடமுண்டு. தொடக்க நாள்களின் சிறுநீரில் சோடியம் டைதயோனைட் சேர்த்தால் தோன்றும் நீலநிறம் மூன்றாம் வாரத்தில் எதிர்பார்க்கத்தக்கதன்று. முதல்நாள் மாதிரியைப் பாதுகாத்தல் பிணக்கூறாய்வுக்கு நெடுமுன்னரே தொடங்கவேண்டிய பணியாகும்.