கிளிமீனும் கமக்காரரும்

விவசாயத் துண்டுப்பிரசுரத்தில் கடல்மீனைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே தோட்டத்தின் அடியிலிருந்து கடல்வரை பரந்திருப்பது வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணக்கல். செம்பாட்டில் இறைத்த நீரின் ஒரு பகுதி அதனூடே இறங்கிக் கிணற்றையும், பின்னர் கடலையும் சேர்கின்றது. கீரிமலையிற் கடலோரத்தே நன்னீர் ஊறுவதை யாவரும் கண்டிருப்பர்.

முருகைக்கற் பார்களை அடுத்து வாழ்வது கிளிமீன். இதனை இனங்காண்பது எளிது. பற்கள் தனித்தனியே நில்லாது ஒன்றாய் இணைந்து, கிளியின் அலகு போலாகியுள்ளன. செதில்கள் பெரியவை. நிறத்தை மட்டும் நம்பலாகாது. பல இனங்களில் இளமீனும் பெண்மீனும் மங்கலாயிருக்க, முதிர்ந்த ஆண் பச்சையும் நீலமுமாய் ஒளிரும். அவ்வாண்களிற் பல முன்னர் பெண்ணாயிருந்து மாறியவையே! இரவிற் சில இனங்கள் சளியாலான உறையொன்றைத் தம்மைச் சுற்றிச் சுரந்து அதனுள் உறங்கும். உறங்கும் மீனை விளக்கொளியில் ஈட்டியாற் குத்துவது எளிது. பெரியதே முதலிற் கண்ணிற்படும். பட்டியிலுள்ள பொலிகாளையை முதலில் விற்பவனை என்னென்போம்?

இம்மீன் கல்மேற் படரும் பாசியைச் சுரண்டித் தின்னும். உடன்வரும் கல்லைத் தொண்டைப் பற்கள் மாவாக அரைக்க, அது வெண்மணலாய்க் கழிகின்றது. பெரிய இனங்களில் ஒரு மீனே ஆண்டொன்றுக்குப் பல நூறு கிலோகிராம் மணலை ஆக்கும்.

1998ஆம், 2016ஆம் ஆண்டுகளிற் கடல்நீர் மிகச் சூடேறியபோது இலங்கைக் கரையோரங்கள் பலவற்றில் முருகைகள் வெளிறி மடிந்தன. மடிந்த கல்லைப் பாசி மூடிவிடின் இளமுருகை பற்றிக்கொள்ள இடமில்லை. கிளிமீன் மேய்ந்து வெளியாக்கிய இடத்திலேயே அது எளிதில் ஒட்டும். பார் அழிந்தாற் கரையை மோதும் அலையின் வேகமும் தணியாது.

பாசிக்கும் பசளை நைதரசனே. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மிஞ்சி இட்ட யூரியாவிற் பயிர் எடாத பங்கு நைத்திரேற்றாகி நீருடன் இறங்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைக் குடாநாட்டுக் கிணறுகள் பல தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகட்கு இந்நீர் பெருந்தீங்கு. கடலைச் சேருமிடத்து அதுவே பாசியை வளர்க்கும். கிளிமீனும் குறைந்துவிடின் அங்கு மேய்வதற்கு யார்?

ஆகவே யூரியாவை ஒரேமுறையிற் கொட்டாது, பயிரின் பருவத்துக்கேற்பப் பகுதி பகுதியாக இடுக. பெருமழை எதிர்பார்க்கும் நாளில் இடற்க. இட்டவுடன் பாத்தி வழிய இறைத்தலும் வேண்டா. வயலாயின் வரம்பைச் சீராக்கி, நீர் வழிந்தோடாத வேளையிலேயே இடுதல் வேண்டும். மாட்டெருவிட்டுக் குழை தாழ்த்திய தோட்டத்து மண், நீரையும் பசளையையும் நெடிது தாங்கும். அங்கு யூரியாவின் அளவைக் குறைக்கலாம்.